கைமாற்றாகக் கொடுத்த பணமும் மூன்றாண்டுக் கெடுவும்

கேள்வி: ஐயா, பள்ளிக் காலத்திலிருந்து உடன் வளர்ந்த நண்பர் மாந்தோப்புக் குத்தகை எடுக்க வேண்டும் என்று கேட்டதால், 2023 ஆகஸ்ட் 21 அன்று அவருடைய வங்கிக் கணக்குக்கு 1,20,000 ரூபாய் அனுப்பினேன். அதே நாளில், என் மைத்துனர் முன்னிலையில், 60,000 ரூபாயை ரொக்கமாகவும் கொடுத்தேன். புரோநோட்டு கேட்க மனம் வரவில்லை. வட்டியும் பேசவில்லை. 2024 மே மாதம் பத்தாயிரம் ரூபாய் மட்டும் கூகுள் பே மூலம் வந்தது. "அந்த ஒன்னு எண்பதை சீசன் முடிஞ்சதும் தந்துடறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர், பெங்களூரா மாங்காய்க்கு விலை விழுந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்திவிட்டு, இப்போது ஓசூருக்குக் குடிபெயர்ந்து என் அழைப்பையும் எடுப்பதில்லை. இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டன. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்.

பதில்: நீங்கள் கேட்டது காவல் நிலையத்தைப் பற்றி, எனக்குக் கவலை தருவது நாட்காட்டி. கடனாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுப்பதற்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. அந்த மூன்று ஆண்டுகள் பொதுவாகக் கடன் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நண்பர் கடைசியாகச் சமாதானம் சொன்ன நாளிலிருந்து அல்ல. ஆகவே 2026 ஆகஸ்ட் 21ஐ உங்களுடைய கடைசி நாளாகக் கொள்ளுங்கள். இடையில் வந்த பத்தாயிரம் ரூபாயைக் காட்டிக் கெடு நீண்டுவிட்டதாக வாதாட இடமுண்டு என்றாலும், பகுதித் தொகை செலுத்தியதால் புதிய கெடு தொடங்க வேண்டுமானால் அதற்குச் செலுத்தியவரின் கையெழுத்திலோ கையொப்பத்துடனோ சான்று இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்வதால், கைப்பேசி வழியாக வந்த ஒரு தொகையை மட்டும் நம்பி நாள் கடத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

காவல் நிலையம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டுமே குற்றமாகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று காட்ட முடிந்தால்தான், 2023இல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவின்படி மோசடிப் புகார் நிற்கும். உண்மையாகவே குத்தகை எடுத்து, பத்தாயிரம் திருப்பியும் கொடுத்தவர்மீது அதைக் காட்டுவது கடினம். ஊரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நிற்பதோ, உங்களையே குற்றவாளி ஆக்கிவிடக்கூடும்.

உங்கள் கையில் இருக்கும் சான்றுகள் நீங்கள் நினைப்பதைவிட வலுவானவை. வங்கிக் கணக்கறிக்கை 1,20,000 ரூபாய் போனதைத்தான் காட்டும். அது கடன் என்று சொல்லாது. இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில், "அது கடனல்ல; குத்தகையில் அவரும் பங்கு போட்டார், தோப்பு நட்டமாகிவிட்டது" என்பதே. அந்தப் பதிலை உடைப்பது "ஒன்னு எண்பதைத் தந்துடறேன்" என்ற வாட்ஸ்அப் வரிதான். வங்கித் தொகையையும் ரொக்கத்தையும் சேர்த்து ஒரே தொகையாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். நீதிமன்றத்தில் அச்செய்தியைத் தாக்கல் செய்யும்போது இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படியான சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். ரொக்கத்திற்கு உங்கள் மைத்துனரும் சாட்சி சொல்லலாம்.

முதலில் ஓசூருக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பணம் வாங்கி வருவதைவிட, "2023 ஆகஸ்ட் 21 அன்று கடனாகப் பெற்ற 1,80,000 ரூபாயில் 10,000 போக 1,70,000 ரூபாய் தர வேண்டியுள்ளது" என்று அவர் கைப்பட எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்ட ஒரு தாளை வாங்கி வருவதையே நோக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிவதற்குள் அது கிடைத்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். புரோநோட்டாகவே எழுதித் தருகிறார் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாமல் வாங்காதீர்கள். முத்திரையில்லாத புரோநோட்டைப் பின்னால் அபராதம் கட்டியும் சான்றாக்க முடியாது. நட்புக்காகத் தாள் கேட்கத் தயங்கியது அன்றைக்குச் சரி. அழைப்பையே எடுக்காத நண்பரிடம் இன்றைக்கும் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

அவர் மறுத்தால், வழக்கறிஞர் மூலம் ஒப்புகையுடன் கூடிய தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். வட்டி பேசவில்லை என்கிறீர்கள். ஆனாலும் அந்த அறிவிப்பில் வட்டியும் கோரினால், 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி அறிவிப்புத் தேதியிலிருந்து வட்டி வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அறிவிப்பு அனுப்புவதால் கெடு நின்றுவிடாது.

வழக்குக்கு முன் கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கட்டணமின்றி மனு கொடுக்கலாம். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் மாதத் தவணை பேசி முடித்தால், அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. வேறு சொத்து இல்லாதவரிடம் தீர்ப்பாணை பெற்று வைத்திருப்பதைவிடத் தவணை மேலானது என்பதே என் அனுபவம். ஆனால் நண்பர் அங்கேயும் வராவிட்டால், ஜூன் மாதத்துக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். பணம் கொடுத்தது காவேரிப்பட்டணத்தில் என்பதால் கிருஷ்ணகிரியிலேயே தொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு மூன்று வீதம் 1,70,000 ரூபாய்க்கு 5,100 ரூபாய் ஆகும். வழக்கறிஞர் கட்டணம் தனி.

கேள்வி: தோழிக்குக் கொடுத்த கடனுக்கு அவர் தந்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று 20 நாட்களுக்கு முன் திரும்பிவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் போடச் சொல்கிறார். போடலாமா?
— ஆசிரியை, பென்னாகரம்.

பதில்: காசோலையில் உள்ள தேதியை முதலில் பாருங்கள், அம்மா. அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதங்கள் வரைதான் அது செல்லும்; அதற்குள் மறுபடியும் போடத் தடையில்லை. அடுத்த மாதத்துக்குள் மூன்று மாதம் முடிந்துவிடும் என்றால் காத்திருக்காதீர்கள். காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துவழி அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். உங்களுக்கு இன்னும் 10 நாட்களே உள்ளன. அறிவிப்பு அவருக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள், உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குட்பட்ட குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி புகார் கொடுக்கலாம். வங்கி தந்த திருப்பு மெமோவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.