நாளை என்ன நடக்கும் என்றே தெரியாத காலத்தில் தினசரி ஒழுங்கு உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் மணிக்கணக்கு வைத்துப் போடும் அட்டவணை உதவாது. வேலை நிலைக்குமா, சம்பளம் வருமா என்று தெரியாமல் வீட்டில் காத்திருப்பவராக நீங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கச் சொல்லும் பதில்களை நீங்கள் ஏற்கனவே படித்திருப்பீர்கள். ஐந்து மணிக்குக் குழாயில் நீர் வருமா என்று கவலைப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் அவற்றை எழுதியிருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். நான் வேலை செய்த தனியார் நிறுவனம் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டு, மீதிப் பாதியும் எப்போது வரும் என்று சொல்லாமல் இருந்தது.

தொடர்மாடியில் மின்சாரம் போனால் விளக்கு மட்டும் அணைவதில்லை. மின்தூக்கி நின்றுவிடும், மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் நின்றுவிடும், எரிவாயு தீர்ந்தால் விறகு வைத்து எரிக்கவும் இடம் கிடையாது. பிரதேசங்களை ஏ, பி, சி என்று குழுக்களாகப் பிரித்து மின்வெட்டு நேரங்களை அறிவிப்பார்கள்; அந்த நேரங்கள் நாளுக்கு நாள் மாறும். என் கணவர் அவற்றைப் பார்த்து எங்கள் வீட்டுக்கும் ஓர் அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவார். பெரும்பாலும் அன்று மாலைக்குள்ளேயே அது பழைய காகிதமாகிவிடும்.

வீட்டைக் குழப்பமில்லாமல் நடத்தியவர் என் அம்மா. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோன பிறகு, போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள்ளே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாக இருந்த அந்நாட்களில், ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டு மெல்லிய திரி எரியும் விளக்கில்தான் நாங்கள் படித்தோம். வெள்ளவத்தையிலும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மணி பிந்தினால் பிந்தட்டும் பிள்ளை, ஒன்றுக்குப் பிறகு ஒன்று என்ற ஒழுங்கு குழம்பக்கூடாது" என்பார். மின்சாரம் வந்தால், அது நள்ளிரவானாலும், முதலில் வாளிகளில் நீர் நிரப்ப வேண்டும், அடுத்து ரைஸ் குக்கரில் உலை வைக்க வேண்டும், அதற்குப் பிறகே கைப்பேசிகளுக்கு மின்னேற்றலாம். மாலையில் மின்சாரம் போனால் உடனே என் மகனின் வாய்ப்பாடும் தமிழ் வாசிப்பும் தொடங்கும். எங்களை அலைக்கழித்த மின்வெட்டையே அவர் பள்ளிக்கூட மணியாக்கிவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். நிலையற்ற காலத்தில் முதலில் பறிபோவது நேரம். ஆகையால் ஒழுங்கை நேரத்தோடு கட்டாமல், எப்படியும் நடந்தே தீரும் ஒரு நிகழ்வோடு கட்டுங்கள். தேநீர் குடித்த பின், பிள்ளை வீட்டுக்கு வந்த பின், மின்னஞ்சல் பெட்டியை ஒருமுறை பார்த்து மூடிய பின் என்று எதுவாகவும் இருக்கலாம். இதனால் மனஉறுதி பெருகியது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். எரிவாயு வரிசைக்குப் போவதா, பெற்றோல் வரிசைக்குப் போவதா, இருக்கும் காசில் பால்மா வாங்குவதா, மருந்து வாங்குவதா என்று காலையிலேயே தீர்மானிக்க வேண்டியவை குவிந்து கிடந்தன. அவற்றோடு அடுத்து என்ன செய்வது என்ற கேள்வியும் சேராமல் இருந்ததே பெரிய ஆறுதல்.

செய்தியையும் இந்த ஒழுங்குக்குள் அடக்கியாக வேண்டும். தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்போம். சுழற்றும் கை வலிக்கும் என்பதால் செய்தி இரவில் ஒருமுறைதான். 2022இல் கையில் கைப்பேசி இருந்தது. டொலரின் விலையையும் எந்த நிரப்பு நிலையத்துக்கு எரிபொருள் பவுசர் (தாங்கி வண்டி) வருகிறது என்பதையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலைத் தேநீருக்குப் பிறகு ஒருமுறை போதும் என்று அம்மா சொன்ன பிறகுதான் வீட்டில் பேச்சுச் சத்தம் தணிந்தது.

இது வசதி படைத்தவர்களின் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். எரிபொருளுக்காக முச்சக்கர வண்டிக்குள்ளேயே நாட்கணக்காக உறங்கியவர்களிடம் சென்று தினசரி ஒழுங்கைப் பற்றிப் பேச எனக்கும் துணிவில்லை. ஒழுங்கு எங்கள் சம்பளத்தைக் கூட்டவில்லை, சிலிண்டரையும் கொண்டுவரவில்லை. அதே வேளை, கனடாவிலிருந்து ஓர் உறவினர், மின்சாரம் இருக்கும் அந்தச் சிறிது நேரத்தில்தான் அழைத்து, தியானம் செய்தால் எல்லாம் சரியாகும் என்று நீண்ட நேரம் விளக்குவார். அவருடைய அக்கறையை நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் நிரப்பியிருக்கக்கூடிய வாளிகளை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

மூன்று நான்கு வேலைகளுக்கு மேல் ஒழுங்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஒன்றாவது இன்னொருவருக்காகச் செய்வதாக இருக்கட்டும், ஏனென்றால் தனக்கான வேலையைத் தள்ளிப்போடுவது எவருக்கும் எளிது. ஒருநாள் எல்லாம் குழம்பிப்போனால், விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்ய முயலாமல், அடுத்து எது வருகிறதோ அதிலிருந்து தொடருங்கள். நிகழ்வு மாறினால் ஒழுங்கையும் வேறொன்றோடு கட்டவேண்டிவரும். 2023 பெப்ரவரியில் மின்கட்டணத்தைக் கூட்டி மின்வெட்டை நிறுத்தியபோது, படிப்பைத் தொடங்க மகனுக்குக் காரணம் இல்லாமற் போயிற்று. இப்போது அவன் அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் புத்தகம் திறக்கப்படுகிறது.