போடோ3 வைத்து க்ளூ வொர்க்ஃப்ளோ உருவாக்கினேன், உள்ளே ஒன்றுமே இல்லை. ஜாப்களை எந்தப் பாராமீட்டரில் கொடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏடபிள்யூஎஸ் க்ளூவில் (தரவைச் சுத்தம் செய்து நகர்த்தும் அமேசான் சேவை) உங்களிடம் இரண்டு ஜாப்கள், அதாவது ஓட வேண்டிய நிரல்கள், இருக்கின்றன; கூடவே கோப்புகளைப் பார்த்து அவற்றின் அமைப்பைப் பதிவு செய்யும் ஒரு கிராலர். இவற்றை வரிசையாகக் கோர்ப்பதுதான் வொர்க்ஃப்ளோ. முதல் ஜாப் கோப்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு கிராலர் ஓட வேண்டும், கடைசியில் அறிக்கை ஜாப். பைத்தானில் போடோ3 நூலகத்தின் கிரியேட் வொர்க்ஃப்ளோ மெத்தடை அழைத்தீர்கள், 200, அதாவது வெற்றி என்று பதில் வந்தது. கன்சோலில் திறந்தால் வெற்றுப் பக்கம். ஜாப்ஸ் என்று ஒரு பாராமீட்டரைச் சேர்த்துப் பார்த்தால் எர்ரர்.

உங்கள் கோரிக்கையில் தவறு எதுவும் இல்லை. அந்தக் கோரிக்கையால் செய்ய முடிவதே அவ்வளவுதான். வொர்க்ஃப்ளோவை உருவாக்குவது என்பது க்ளூவில் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது போல. சரக்கு தனியாக வர வேண்டும், அது வருவது டிரிகர்கள் வழியாக, அதாவது எப்போது எதைத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் விதிகள் வழியாக.

உங்களுக்கு வந்த எர்ரரை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். தெரியாத பாராமீட்டர் என்று சொல்லிவிட்டு, ஏற்கக்கூடியவை எவை என்று அதே வரியில் ஐந்து பெயர்களையும் கொடுத்திருக்கும்: நேம், டிஸ்கிரிப்ஷன், டிஃபால்ட் ரன் பிராப்பர்ட்டீஸ், டேக்ஸ், மேக்ஸ் கன்கரன்ட் ரன்ஸ். இதில் கட்டாயம் நேம் மட்டும்தான். ஜாப், கிராலர், வரிசை, நேரம் இவற்றில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை.

இந்த எர்ரர் ஏடபிள்யூஎஸ் அனுப்பியது அல்ல. கோரிக்கை உங்கள் கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே போடோ3 பிடித்துவிட்டது. அமேசான் ஆற்றில் வாழும் ஒரு வகை டால்ஃபினுக்கு போடோ என்று பெயர், அதைத்தான் இந்த நூலகத்துக்கு வைத்திருக்கிறார்கள். தமிழில் போட்டோ என்று எழுதினால் புகைப்படம் ஆகிவிடுகிறது, அதனால் போடோ. போகட்டும். இதன் மெத்தடுகளை யாரும் ஒவ்வொன்றாகக் கையால் எழுதவில்லை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பெரிய ஜேசன் (JSON) கோப்பு இருக்கிறது, கிளையன்ட் உருவாகும்போது அதைப் படித்துத்தான் மெத்தடுகள் பிறக்கின்றன. நீங்கள் கொடுக்கும் மதிப்புகளும் அதே கோப்போடு ஒப்பிடப்படுகின்றன. பெயர் இருக்கிறதா, வகை சரியா, கட்டாயமானது விட்டுப்போனதா, முக்கியமாக இவற்றைத்தான் பார்க்கும். நேம் (Name) என்பதன் முதல் எழுத்தை name என்று சிறியதாகப் போட்டால் ஒரே தப்புக்கு இரண்டு எர்ரர் வரும்: கட்டாயமான நேம் இல்லை என்று ஒன்று, நேம் என்றால் என்னவென்றே தெரியாது என்று இன்னொன்று. முதல் முறை பார்த்தபோது நூலகம் என்னைக் கிண்டல் செய்கிறது என்றே நினைத்தேன்.

ஆனால் பொருள் சரியா என்று அது பார்க்காது. இது அடுத்து வரும் டிரிகர் விஷயத்தில் உங்களைக் கடிக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு மொத்தம் நான்கு கோரிக்கைகள் வேண்டும். கிரியேட் வொர்க்ஃப்ளோ ஒன்று, கிரியேட் டிரிகர் மூன்று. டிரிகர் ஒவ்வொன்றிலும் வொர்க்ஃப்ளோ நேம் என்ற பாராமீட்டரில் அந்தப் பெயர்ப்பலகையின் பெயரை எழுத்து பிசகாமல் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டாலும் டிரிகர் உருவாகும், எர்ரர் வராது. ஆனால் எந்த வொர்க்ஃப்ளோவிலும் சேராமல் அநாதையாக நிற்கும்.

முதல் டிரிகர் தொடக்கம். சோதிக்கும்போது அதன் டைப்பை ஆன் டிமாண்ட் (நீங்கள் சொல்லும்போது மட்டும் ஓடுவது) என்று வையுங்கள், ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் முதல் ஜாபின் பெயர். இரண்டாவது கண்டிஷனல் டைப். அதன் பிரெடிகேட்டுக்குள் கண்டிஷன்ஸ் பட்டியல், அதில் ஒரே நிபந்தனை: லாஜிகல் ஆப்பரேட்டர் ஈக்வல்ஸ், ஜாப் நேம் உங்கள் முதல் ஜாப், ஸ்டேட் சக்ஸீடட். அதன் ஆக்‌ஷனில் கிராலர் நேம். மூன்றாவதும் கண்டிஷனல்தான், ஆனால் இங்கே காத்திருப்பது கிராலருக்காக. ஆகவே நிபந்தனையில் ஜாப் நேமுக்குப் பதில் கிராலர் நேம், ஸ்டேட்டுக்குப் பதில் கிரால் ஸ்டேட். ஆக்‌ஷனில் அறிக்கை ஜாப். இந்த ஸ்டேட், கிரால் ஸ்டேட் வித்தியாசத்தைத் தவறவிடுவது மிகச் சுலபம், ஏனென்றால் மேலே எழுதிய நிபந்தனையை நகல் எடுத்துக் கீழே ஒட்டத்தான் எல்லோருக்கும் கை போகும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. இதைச் சொல்லத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு சங்கிலி. எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே பைத்தான் கோப்பில் எழுதி ஓட்டினேன், எல்லாவற்றுக்கும் 200. வொர்க்ஃப்ளோவை இயக்கினேன். முதல் ஜாப் ஓடியது, பச்சை நிறத்தில் முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எர்ரர் இல்லை, லாக் இல்லை, கிராலர் அசையவே இல்லை. அனுமதிப் பிரச்சினையாக இருக்கும் என்று ஐஏஎம் ரோலைக் குடைந்ததில் ஒரு மதியம் போனது. டிரிகர்களின் நிலையையும் பார்த்தேன்தான். முதல் டிரிகர் கிரியேட்டட் என்று இருந்தது, இரண்டாவதும் கிரியேட்டட், மூன்றாவதும் கிரியேட்டட். முதலாவது அந்த நிலையில் இருந்துகொண்டே ஓடியதே, அப்போது மற்றவையும் சரிதான் என்று தாண்டிப் போய்விட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். ஆன் டிமாண்ட் டிரிகர் எப்போதுமே கிரியேட்டட் நிலையில்தான் இருக்கும், அதற்கு வேறு நிலை கிடையாது. கண்டிஷனல் டிரிகர் அப்படியில்லை. அது ஆக்டிவேட்டட் ஆனால்தான் கண்விழித்து நிபந்தனையைக் கவனிக்கும். ஒரே சொல், ஒன்றில் ஆரோக்கியம், இன்னொன்றில் நோய். நிவாரணம் ஒரு வரிதான்: கிரியேட் டிரிகரில் ஸ்டார்ட் ஆன் கிரியேஷன் என்ற பாராமீட்டரை ட்ரூ என்று கொடுப்பது, அல்லது பிறகு ஸ்டார்ட் டிரிகர் மெத்தடை அழைப்பது. இதை மூன்று டிரிகருக்கும் பொதுவாகப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஆன் டிமாண்டுக்கு ட்ரூ செல்லாது. நேரப்படி ஓடும் ஷெட்யூல்ட் டிரிகருக்கும் கண்டிஷனலுக்கும் மட்டும்.

சோதனையில் இன்னொரு பொறி. முதல் ஜாபைத் தனியாகக் கன்சோலில் கையால் ஓட்டிவிட்டு, கிராலர் ஏன் கிளம்பவில்லை என்று பார்க்காதீர்கள். சங்கிலியில் உள்ளவை எல்லாம் ஒரே தொடக்க டிரிகரின் வழியில் வந்திருக்க வேண்டும். கையால் ஓட்டிய ஜாப் அந்தச் சங்கிலியில் சேர்த்தி இல்லை. எப்போதும் ஸ்டார்ட் வொர்க்ஃப்ளோ ரன் வழியாகவே சோதியுங்கள்.

பொருளை நூலகம் பார்க்காது என்றேன் அல்லவா? பிரெடிகேட்டில் லாஜிகல் என்று ஒன்று உண்டு, பல நிபந்தனைகள் இருந்தால் எல்லாம் நிறைவேற வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்று சொல்வதற்கு. எல்லாம் என்றால் ஆண்ட். ஏதாவது ஒன்று என்றால் ஆர் என்றுதான் எந்த நிரலாளரும் எழுதுவார், ஆனால் க்ளூ எதிர்பார்ப்பது எனி. ஆர் என்று எழுதினால் போடோ3 வாயே திறக்காது, அது வெறும் சரம் என்பதால் சரி என்று அனுப்பிவிடும், மறுப்பது சேவைதான். சக்ஸீடட் என்பதை சக்ஸஸ் என்று எழுதினாலும் இதே கதை. ஒரே நிபந்தனை இருக்கும் உங்கள் விஷயத்தில் லாஜிகலை விட்டுவிடலாம்.

ரஸ்ட் மொழிக்கான ஏடபிள்யூஎஸ் நூலகத்தில் இந்த வகைத் தப்புகள் குறைவு. அங்கே கோரிக்கையை பில்டர் முறையில் கட்டுவார்கள், நேம், டிஸ்கிரிப்ஷன் என்று புள்ளி வைத்துச் சங்கிலியாக அடுக்கிக் கடைசியில் செண்ட். எனி என்பது அங்கே சரமாக இல்லாமல் enum ஆக, அதாவது முன்பே வரையறுத்த மதிப்புகளில் ஒன்றாக இருப்பதால், ஆர் என்று எழுதினால் கம்பைலரே நிறுத்திவிடும். ஆனால் அதற்கென்று ஒரு தனி வினோதம் உண்டு. டிஃபால்ட் ரன் பிராப்பர்ட்டீஸ் மெத்தடை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் ஒரு ஜோடி கூடுதலாகச் சேரும். அதே பெயருக்கு முன்னால் செட் என்று ஒட்டிய மெத்தட் முழு மேப்பையும் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். இரண்டையும் கலந்து எழுதினால், முதலில் சேர்த்தது காணாமல் போயிருக்கும். ஏற்கெனவே பைத்தானில் இருக்கும் நீங்கள் இதற்காக மாற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான்கு கோரிக்கைகளுக்கு ரஸ்ட் வேண்டாம்.

டிஃபால்ட் ரன் பிராப்பர்ட்டீஸ் என்பது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எடுத்துக்கொண்டு போகும் சிறு பை. மதிப்புகள் எல்லாம் சரமாகவே இருக்க வேண்டும், 30 என்ற எண்ணைக் கொடுத்தால் போடோ3 நிறுத்தும், மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஜாபின் உள்ளே இதைப் படிக்க, க்ளூ தானாகவே அனுப்பும் வொர்க்ஃப்ளோ நேம், வொர்க்ஃப்ளோ ரன் ஐடி என்ற இரண்டு ஆர்குமென்ட்களை எடுத்து, கெட் வொர்க்ஃப்ளோ ரன் பிராப்பர்ட்டீஸ் என்று கேட்க வேண்டும். ஒரு ஜாப் அடுத்த ஜாபுக்குத் தகவல் சொல்ல புட் என்று தொடங்கும் இணை மெத்தட் இருக்கிறது. கடவுச்சொல்லை மட்டும் இந்தப் பையில் போடாதீர்கள், இது லாக்கில் பதிவாகக்கூடும். அதற்கு ஏடபிள்யூஎஸ்ஸின் சீக்ரெட்ஸ் மேனேஜர் இருக்கிறது.

மேக்ஸ் கன்கரன்ட் ரன்ஸைக் காலியாக விட்டால் வரம்பே இல்லை என்று பொருள். உங்கள் சங்கிலி ஒரே கோப்புகளைத் தொடுவதால் 1 என்று வையுங்கள். தவிர, ஜாபுக்கென்று தனி வரம்பு உண்டு, அது இயல்பாக 1. வொர்க்ஃப்ளோவுக்கு 5 கொடுத்துவிட்டு ஜாபை 1-லேயே விட்டால் இரண்டாவது ஓட்டம் ஜாபில் போய் முட்டிக்கொள்ளும்.

எல்லாம் ஓடியதும் ஆன் டிமாண்டை ஷெட்யூல்டாக மாற்ற நினைப்பீர்கள். அப்டேட் டிரிகரில் டைப்பை மாற்ற வழியில்லை, அந்த ஒரு டிரிகரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். டிரிகரில் வேறு எதை அப்டேட் செய்தாலும் முழு வரையறையையும் திரும்ப அனுப்புங்கள், அது பழையதன் மேல் முழுசாக எழுதும், ஒட்டுப்போடாது. ஓடும் நேரத்தைக் குறிக்கும் க்ரான் எழுதும்போது கவனம், க்ளூவுக்குத் தெரிந்த நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) மட்டும். அதிகாலை 2 மணி என்று நினைத்து 0 2 * * ? * என்று எழுதினேன், காலை 7:30-க்கு எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில் ஓடியது. இந்திய நேரம் 2 மணிக்கு வேண்டுமென்றால் 30 20 * * ? *, அதாவது முந்தைய நாள் இரவு 8:30 யுடிசி. ஆறு இடங்கள், அதில் தேதியோ கிழமையோ ஒன்று கேள்விக்குறியாக இருந்தே ஆக வேண்டும். லினக்ஸ் க்ரான்டேப் பழக்கத்தில் ஐந்தோடு நிறுத்தினால் ஏற்காது.

உங்கள் பைத்தான் கோப்பை மறுபடி ஓட்டும்போது இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்ற எர்ரர் வரும். அதைப் பிடித்து அப்டேட் வொர்க்ஃப்ளோவுக்குத் திருப்பிவிடுங்கள். முதல் முறை ஓட்டும்போதே இந்த எர்ரர் வந்தாலும் பதற வேண்டாம். பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்திருந்தால் போடோ3 தானாகவே மறுபடி முயலும், முதல் முயற்சியிலேயே வேலை அங்கே முடிந்திருக்கும்.

இவ்வளவு கோரிக்கை எதற்கு, ஒரே கோரிக்கையில் முடியாதா என்று கேட்டால், முடியும், க்ளூவில் அல்ல. ஏடபிள்யூஎஸ்ஸின் இன்னொரு சேவையான ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் முழு ஓட்டத்தையும் ஒரு ஜேசன் சரமாக எழுதி, ஒரு ரோலையும் சேர்த்து, ஒரே அழைப்பில் உருவாக்கலாம். கூகுள் கிளவுட் வொர்க்ஃப்ளோஸும் அப்படித்தான், யாமல் அல்லது ஜேசனில் முழு மூலத்தையும் அனுப்ப வேண்டும், ஆனால் அங்கே உருவாக்கும் வேலை உடனே முடியாது, கையில் ஒரு ஆப்பரேஷன் வரும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். கிளைகள், மறுமுயற்சிகள், க்ளூவுக்கு வெளியே உள்ள சேவைகள் என்று நாளை விரியும் என்றால் என் ஓட்டு ஸ்டெப் ஃபங்ஷன்ஸுக்கு. இரண்டு ஜாப், ஒரு கிராலருக்கு க்ளூவே போதும்.

கன்சோலை நம்பாமல் சரிபார்க்க கெட் வொர்க்ஃப்ளோவை இன்க்ளூட் கிராஃப் ட்ரூ என்று கொடுத்து அழையுங்கள். நோட்ஸ் (டிரிகர், ஜாப், கிராலர் ஒவ்வொன்றும்), எட்ஜஸ் (அவற்றை இணைக்கும் கோடுகள்) என்று இரண்டு பட்டியல் வரும். மூன்று டிரிகரும் சரியாக ஒட்டியிருந்தால் உங்கள் சங்கிலிக்கு 6 நோடுகளும் 5 எட்ஜ்களும் இருக்க வேண்டும். நோடு குறைந்தால் எந்த டிரிகரில் வொர்க்ஃப்ளோ நேமை விட்டீர்கள் என்று தேடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் நடுவில் நின்றால், கண்டிஷனல் டிரிகர்களின் ஸ்டேட்டைப் பாருங்கள். கிரியேட்டட் என்று இருக்கும்.