நாஸ் பெட்டிக்குள் புதிய பைத்தான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சினாலஜி டிஎஸ்220 பிளஸ் என்ற நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வைத்திருக்கிறேன். அதன் இயங்குதளமான டிஎஸ்எம் 7-இல் இருப்பது பைத்தான் 3.8. என் நிரலுக்கு 3.12 வேண்டும். மூலநிரலை இறக்கி, கட்டும் முன் பெட்டியைச் சோதிக்கும் ‘கான்ஃபிகர்’ ஓட்டினால், மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் சி கம்பைலரே இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: முதலில், அந்த 3.8 மீது கை வைக்காதீர்கள். அதற்கான ஆதரவை பைத்தான் குழு 2024 அக்டோபரில் நிறுத்திவிட்டது உண்மைதான். ஆனால் பெட்டியின் சொந்தப் பொதிகள் சில அதை நம்பி ஓடுகின்றன. புதியது அதன் பக்கத்தில் தனி இடத்தில் உட்கார வேண்டும்.

டிஎஸ்எம் என்பது லினக்ஸ்தான். ஆனால் கம்பைலர், கட்டும் வேலையை நடத்தும் ‘மேக்’, நூலகங்களில் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் மூன்றும் அதில் கிடையாது. இவற்றைக் கொண்டுவர எளிய வழி, நாஸ் போன்ற சிறு கருவிகளுக்கான மென்பொருள் பொதிகளின் களஞ்சியமான என்ட்வேர். கன்ட்ரோல் பேனலில் ‘டெர்மினல் அண்ட் எஸ்என்எம்பி’ பகுதிக்குப் போய், தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச்-ஐ இயக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் உள்ள கணக்கால்தான் உள்ளே நுழைய முடியும். நுழைந்ததும் ‘யூநேம்’ கட்டளையை ‘எம்’ தெரிவோடு கொடுத்து ப்ராசசர் வகையைப் பாருங்கள். உங்கள் பெட்டியில் இருப்பது இன்டெல் செலரான் ஜே4025, ஆகவே எக்ஸ்86-64 என்று வரும். என்ட்வேர் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி நிறுவி தருகிறது. மாற்றி எடுத்தால் எதுவும் ஓடாது.

அடுத்து, வால்யூம்1-க்குள் என்ட்வேருக்கென ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதை ரூட்டில் உள்ள ‘ஆப்ட்’ மீது ‘பைண்ட் மவுண்ட்’ செய்துவிட்டு (ஒரு ஃபோல்டரை இன்னொரு பாதையிலும் தெரியவைப்பது) நிறுவியை ஓட்டுங்கள். பிறகு என்ட்வேரின் பொதி நிறுவும் கட்டளையான ‘ஓபிகேஜி’ மூலம் பட்டியலைப் புதுப்பித்து ஜிசிசி, மேக், டார், டிஃப்யூட்டில்ஸ், ஸ்க்ரீன் ஆகியவற்றையும், ஓப்பன்எஸ்எஸ்எல், இஸட்லிப், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட்3, பிஸிப்2, எக்ஸ்இஸட், ரீட்லைன், என்கர்சஸ் நூலகங்களையும் நிறுவுங்கள்.

பலர் தவறவிடும் படி இதற்கு அடுத்தது. டெபியன், உபுண்டு போல என்ட்வேர் நூலகங்களுக்கு ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதிகளைத் தேடிப் பயனில்லை. பொதிகளில் ஓடும் நூலகம் மட்டும் வரும். ஹெடர்கள் எல்லாம் ஒரே டார் கோப்பாக, ப்ராசசர் வகைவாரியாக, என்ட்வேர் தளத்தின் ‘இன்க்ளூட்’ ஃபோல்டரில் இருக்கின்றன. அதை இறக்கி ஆப்ட்-க்குள் உள்ள ‘இன்க்ளூட்’ ஃபோல்டரில் விரியுங்கள். விரித்தபின் ‘இஸட்லிப்.எச்’, ‘எஃப்எஃப்ஐ.எச்’, ‘எஸ்க்யூலைட்3.எச்’, ஓப்பன்எஸ்எஸ்எல் ஃபோல்டருக்குள் ‘எஸ்எஸ்எல்.எச்’ நான்கும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். நூலகக் கோப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. நிரலை நூலகங்களோடு இணைக்கும் லிங்கர் தேடுவது ‘.எஸ்ஓ’ என்று முடியும் பெயரை, ஃபோல்டரில் ‘.எஸ்ஓ.1’ மட்டும் இருந்தால் ‘எல்என்’ கட்டளையால் ஒரு சிம்பாலிக் லிங்க் போட வேண்டும்.

என்ட்வேரின் ஜிசிசி பொதியோடு ‘ஜிசிசி என்வ்’ என்ற ஷெல் கோப்பு வரும். அதை ‘சோர்ஸ்’ செய்தால் பாதைகள் எல்லாம் சரியாக அமையும். இனி மூலநிரலை வால்யூம்1-இல் விரித்து ‘கான்ஃபிகர்’ ஓட்டலாம். ‘ப்ரிஃபிக்ஸ்’ தெரிவில் ஆப்ட்-க்குள் ‘பைத்தான்312’ போன்ற தனி ஃபோல்டரைக் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் விட்டால் எல்லாம் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ போய்ச் சேரும். அது சிஸ்டம் பார்ட்டிஷன். வட்டுகள் எத்தனை டிபி இருந்தாலும் அந்தப் பார்ட்டிஷன் சில ஜிபிதான். அது நிரம்பினால் டிஎஸ்எம் அப்டேட்கூட நிறுவ முடியாமல் போகும். இடம் மிச்சப்பட, ‘டிசேபிள் டெஸ்ட் மாட்யூல்ஸ்’, ‘வித்அவுட் ஸ்டாட்டிக் லிப்பைத்தான்’ என்ற இரு தெரிவுகளையும் சேருங்கள். பதிப்பு 3.10 முதல் இரண்டும் உண்டு.

எல்டிஃப்ளாக்ஸ் மாறியில் ஆப்ட்-இன் ‘லிப்’ ஃபோல்டரை ‘ஆர்பாத்’ (நிரல் ஓடும்போது நூலகங்களைத் தேடும் பாதை) ஆகக் கொடுங்கள். அதற்குப் பதிலாக எல்டி லைப்ரரி பாத் மாறியில் அந்த ஃபோல்டரை நிரந்தரமாக எழுதி வைக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அது வேண்டவே வேண்டாம். டிஎஸ்எம்-இன் சொந்தக் கட்டளைகளும் என்ட்வேர் நூலகங்களை இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

கடைசியில், ‘ஸ்க்ரீன்’ அமர்வுக்குள் இருந்தபடி ‘மேக்’ கட்டளையை ‘ஜே2’ தெரிவோடு ஓட்டுங்கள். எஸ்எஸ்எச் துண்டித்தாலும் வேலை நிற்காது. முடிந்ததும் ‘மேக் இன்ஸ்டால்’ அல்ல, ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’. இது ‘பைத்தான்3.12’, ‘பிப்3.12’ என்ற பெயர்களை மட்டும் உண்டாக்கும். ‘பைத்தான்3’ என்ற பொதுப் பெயரைத் தொடாது.

என்ட்வேரிலேயே கம்பைல் செய்து வைத்த பைத்தான் 3 பொதியும் உண்டு. அதன் பதிப்பு உங்கள் நிரலுக்குப் போதுமென்றால் இவ்வளவும் தேவையில்லை.

கேள்வி: கம்பைல் முழுதாக முடிந்தது. ஆனால் பைத்தான் பொதிகளை நிறுவும் ‘பிப்’ ஓட்டினால் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்பு) மாட்யூல் இல்லை என்கிறது. பிழையே வராமல் முடிந்த வேலையில் இது எப்படி?

பதில்: பைத்தானைப் பொறுத்தவரை எஸ்எஸ்எல் என்பது கட்டாயமில்லாத மாட்யூல். அதற்கான நூலகம் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டி முடித்துவிடும். கட்டாமல் விட்ட மாட்யூல்களின் பட்டியலை ‘மேக்’ தன் கடைசி வரிகளில் காட்டுகிறது. வேகமாக ஓடும் திரையில் அது கண்ணில் படாமல் போவது வழக்கம். ஆகவே வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, நிறுவும் முன் அந்தக் கடைசிப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இந்த வேலையில் மிக முக்கியமான வரிகள் அவைதான்.

பட்டியலில் சிடைப்ஸ் இருந்தால் லிப்எஃப்எஃப்ஐ கிடைக்கவில்லை என்று பொருள். எல்இஸட்எம்ஏ என்றால் எக்ஸ்இஸட். கர்சஸ் என்றால் என்கர்சஸ். எஸ்எஸ்எல், ஹேஷ்லிப் இரண்டும் சேர்ந்து வந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல். இதில் பதிப்பும் முக்கியம்: பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். நூலகம் இருந்தும் மறுத்தால் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து மாட்யூல் பெயரைத் தேடுங்கள். எந்தச் சோதனை நிரல் எந்தப் பிழையோடு நின்றது என்பது அங்கே அப்படியே பதிவாகியிருக்கும். ஹெடர் இல்லையா, ‘.எஸ்ஓ’ லிங்க் இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரிசெய்தபின் வெறும் ‘மேக்’ போதாது. ‘மேக் டிஸ்ட்க்ளீன்’ கொடுத்து ‘கான்ஃபிகர்’ முதல் மறுபடி தொடங்குங்கள். பழைய சோதனை முடிவுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதே குறை திரும்ப வரும். நிறுவியதும் எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்க்யூலைட்3, எல்இஸட்எம்ஏ, ரீட்லைன் ஐந்தையும் ஒரே வரியில் ‘இம்போர்ட்’ செய்து பாருங்கள்.

அதற்கும் பிறகு ‘சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்’ வந்தால் அது கம்பைல் கோளாறு அல்ல. என்ட்வேரின் சிஏ சான்றிதழ்ப் பொதியை நிறுவி, ‘எஸ்எஸ்எல் சர்ட் ஃபைல்’ சூழல் மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள்.

கேள்வி: டிஎஸ்218ஜே-வில் ‘இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்ட், ப்ரோக்ராம் சிசி1’ என்று வந்து நிற்கிறது. ஜிசிசி பழுதா?

பதில்: இல்லை, நினைவகம் போதவில்லை. அந்தப் பெட்டியில் ரேம் 512 எம்பிதான். ‘சிசி1’ என்பது சி கோப்பை உண்மையில் கம்பைல் செய்யும் ப்ராசஸ்; நினைவகம் தீர்ந்தபோது கர்னல் அதைக் கொன்றிருக்கிறது. ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரி இருக்கும், பாருங்கள்.

‘ஜே’ தெரிவை எடுத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரு கோப்பாகக் கம்பைல் செய்யுங்கள். ‘ஓப்ட்’ மாறியில் டிபக் தகவல் கேட்கும் ‘ஜி’ தெரிவை விட்டு, ஆப்டிமைசேஷனை ‘ஓ3’-இலிருந்து ‘ஓ1’-க்கு இறக்கினால் சிசி1 கேட்கும் நினைவகம் குறையும். டிஎஸ்எம்-இல் ‘டெம்ப்’ ஃபோல்டர் வட்டில் இல்லை, ரேமில் இருக்கிறது. கம்பைலரின் தற்காலிகக் கோப்புகள் அங்கே போனால் இருக்கும் கொஞ்ச நினைவகமும் போய்விடும். ‘டிஎம்பிடிர்’ மாறியை வால்யூம்1-இல் ஒரு ஃபோல்டருக்குத் திருப்புங்கள். மீடியா சர்வர், யூனிவர்சல் சர்ச் போன்ற பொதிகளை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

நின்ற இடத்திலிருந்து ‘மேக்’ தொடரும். முடிந்த கோப்புகளைத் திரும்பக் கட்டாது. ஆகவே சிசி1 கொல்லப்பட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: ‘எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்’ கட்டாயம் கொடுக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: அது பைத்தானை ஒருமுறை அளவீட்டுக் குறிகளோடு கட்டி, சோதனைத் தொகுப்பின் ஒரு பகுதியை ஓட்டி, கிடைத்த அளவீடுகளைக் கொண்டு இன்னொரு முறை கட்டுகிறது. கிடைக்கும் பைத்தான் வேகமானதுதான். ஆனால் நாஸ் ப்ராசசரில் நேரம் பல மடங்காகும். முதல் தடவை இந்தத் தெரிவு இல்லாமல் கட்டுங்கள், எல்லா மாட்யூலும் வந்ததை உறுதி செய்யுங்கள், பிறகு வேண்டுமானால் இரவில் ஓடவிடுங்கள். லிங்க் செய்யும்போது நிரல் முழுவதையும் மேம்படுத்தும் ‘எல்டிஓ’ தெரிவு அந்த நேரத்தில் நினைவகத்தை நிறையத் தின்னும். 2 ஜிபிக்குக் குறைந்த பெட்டியில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: நாஸ் ஃபோல்டரை உபுண்டு மடிக்கணினியில் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக மவுண்ட் செய்து அங்கிருந்தே கம்பைல் செய்தேன். ‘பைத்தான்.இஎக்ஸ்இ’ என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது! விண்டோஸே இல்லாத இடத்தில் இது எப்படி?

பதில்: பைத்தான் மூலநிரலில் பெரிய ‘பி’-யில் தொடங்கும் ‘பைத்தான்’ என்ற ஃபோல்டர் ஒன்று உண்டு, மொழியின் மையப்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. கட்டி முடிக்கும் நிரலின் பெயர் சிறிய ‘பி’-யில் ‘பைத்தான்’. பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காத கோப்பு முறையில் இரண்டும் ஒரே பெயர், மோதிக்கொள்ளும். ‘கான்ஃபிகர்’ இதைச் சோதித்துப் பார்த்து, மோதல் இருந்தால் நிரலுக்கு அந்த வாலைச் சேர்க்கிறது. எஸ்எம்பி மவுண்ட் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. நிறுவும்போது வால் போய்விடும், பயம் வேண்டாம்.

ஆனால் இந்த வழியே சரியில்லை. எஸ்எம்பி-யில் சிம்பாலிக் லிங்க்குகள் தடுமாறும். இரு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் ‘க்ளாக் ஸ்கியூ டிடெக்டட்’ என்று ‘மேக்’ எச்சரிக்கும். எதைத் திரும்பக் கட்டுவது என்ற கணக்கே தவறிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும், உபுண்டுவின் புதிய ஜிலிப்சி-யோடு (நிரல்கள் சார்ந்திருக்கும் லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) கட்டிய நிரல் நாஸில் ஓடாமல் போகலாம்.

கேள்வி: கன்டெய்னர்களை (தனித்த சூழலில் நிரல்களை ஓட்டும் வசதி) நடத்தும் டிஎஸ்எம்-இன் கன்டெய்னர் மேனேஜரில் டெபியன் 12 எடுத்து அதற்குள் கட்டினேன், அருமையாக ஓடுகிறது. அதே ஃபோல்டரை வெளியே எடுத்து ஓட்டினால் ‘ஜிலிப்சி நாட் ஃபவுண்ட்’ வருகிறது.

பதில்: மேலே சொன்ன அதே காரணம். டெபியன் 12-இன் ஜிலிப்சி 2.36. அதில் கட்டியதை அதைவிடப் பழைய ஜிலிப்சி ஏற்காது. பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும். வெளியே ஓட வேண்டியதை என்ட்வேரில் கட்டுங்கள், அல்லது வேறொரு லினக்ஸ் கணினியில் சினாலஜி தரும் டூல்செயினால் (கம்பைலர் உள்ளிட்ட கருவித் தொகுப்பு) க்ராஸ் கம்பைல் செய்யுங்கள், அதாவது ஒரு கணினியில் இன்னொரு கருவிக்காகக் கட்டுங்கள். இரண்டாவது வழிக்கு அந்தக் கணினியிலும் அதே பதிப்புப் பைத்தான் வேண்டும்; 3.11 முதல் அதை ‘வித் பில்ட் பைத்தான்’ தெரிவில் காட்ட வேண்டும்.

உங்கள் நிரல் கோப்புகளை மட்டும் கையாள்கிறது என்றால் வெளியே எடுக்கவே தேவையில்லை. அதிகாரப்பூர்வ பைத்தான் இமேஜில் வால்யூம்1 ஃபோல்டரை இணைத்து ஓட்டுங்கள். டிஎஸ்எம்-இன் சொந்தக் கட்டளைகளை நிரல் அழைக்க வேண்டும், அல்லது பெட்டியில் கன்டெய்னர் வசதி இல்லை என்றால்தான் கம்பைல் செய்யும் உழைப்புக்குப் பொருளுண்டு.

கேள்வி: டிஎஸ்எம் அப்டேட் செய்ததும் பைத்தான் காணாமல் போய்விட்டது. மறுபடி கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கோப்புகள் வால்யூம்1-இல் பத்திரமாக இருக்கின்றன. ஆப்ட் மீதான மவுண்ட் மட்டும் போய்விட்டது. கன்ட்ரோல் பேனலில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ திறந்து, பெட்டி எழும்போது ரூட் கணக்கில் ஓடும் ஒரு பணியை உண்டாக்குங்கள். ஆப்ட் ஃபோல்டரை உருவாக்குவது, பைண்ட் மவுண்ட் செய்வது, என்ட்வேரின் ‘ஆர்சி.அன்ஸ்லங்’ கோப்பை ‘ஸ்டார்ட்’ என்று ஓட்டுவது என்ற மூன்று வரிகள் போதும்.

கேள்வி: கோ மொழியையும் இப்படிக் கட்டலாமா?

பதில்: கட்டலாம், ஆனால் வேண்டாம். 1.5 பதிப்பு முதல் கோ-வின் கம்பைலரே கோ-வில் எழுதப்பட்டது. ஒரு கோ-வைக் கட்ட இன்னொரு கோ வேண்டும். 1.24-ஐக் கட்ட 1.22 கேட்கும். மடிக்கணினியில் ‘கோஓஎஸ்’ மாறியில் லினக்ஸ், ‘கோஆர்க்’ மாறியில் நாஸின் ப்ராசசர் வகை, ‘சிகோ எனேபிள்ட்’ மாறியில் 0 கொடுத்து உங்கள் நிரலைக் கட்டி, கிடைக்கும் ஒற்றைக் கோப்பை நாஸுக்கு நகலெடுங்கள். ஜிலிப்சி எந்தப் பதிப்பாக இருந்தாலும் அது ஓடும்.