சம்பளம் வாங்கிக் கொடுத்த நாட்கள்

வணக்கம் சார்,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். முழுநீளப் படத்துக்கான திரைக்கதை நான்கு வருடமாக மேஜைக்குள் கிடக்கிறது. 'பாடம் நடத்துகிறவனுக்குப் படம் வராது, வேலையை விட்டுவிட்டு சென்னைக்கு வா' என்கிறார்கள் நண்பர்கள். வகுப்பில் நிற்கும்போதெல்லாம் என் படத்துக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் திரைப்பட இயக்குநர் ஹைலே கெரிமாதான் நினைவுக்கு வந்தார். எத்தியோப்பியாவின் கோண்டாரில் 1946இல் பிறந்தவர். அப்பா நாடகக்காரர், மகனும் அந்தக் குழுவில் நடித்து வளர்ந்தவர். 1967இல் நடிப்புப் படிக்க சிகாகோ போனார். அங்கே கறுப்பருக்கு எடுபிடி வேடங்கள்தான் என்று தெரிந்ததும், லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். 1975இல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதே பல்கலைக்கழகம்தான்.

அவருடைய 'சங்கோஃபா' படத்தின் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோட்டோ ஷூட்டுக்காக கானாக் கடற்கரையில் உள்ள பழைய அடிமைக் கோட்டைக்கு வரும் ஒரு மாடல் பெண், காலத்தில் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் கரும்புத் தோட்டத்து அடிமையாகிறாள். அடிமைகள் எழுந்து நின்று திருப்பி அடிக்கிற படம். ஹாலிவுட் பணம் வராது. கானா, புர்கினா ஃபாசோ, ஜெர்மனி என்று கிடைத்த இடத்திலெல்லாம் திரட்டி முடிக்க ஒன்பது வருடம் ஆனது. 1993இல் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிட்டார்கள். அப்படியும் அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர்கூட அதை எடுக்க முன்வரவில்லை.

கெரிமாவும், அவரைப் போலவே படம் எடுப்பவரான மனைவி ஷிரிகியானா ஐனாவும் வாஷிங்டனில் தாங்களே ஒரு தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். வாரக்கணக்கில் ஓடியது. அப்புறம் ஊர் ஊராக உள்ளூர் கறுப்பின அமைப்புகளோடு சேர்ந்து இப்படியே திரையிட்டார்கள். அந்த வருமானத்தில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஜார்ஜியா அவென்யூவில், ஒரு கட்டடம் வாங்கிப் புத்தகக் கடையும் வீடியோக் கடையும் வைத்தார்கள். கடையின் பெயரும் சங்கோஃபாதான். கானாவின் அகான் மொழியில் 'திரும்பிப் போய் எடுத்துக்கொள்' என்று பொருள்.

ஒன்பது வருடம் ஒரு படத்துக்காகக் காத்திருக்க அவரால் எப்படி முடிந்தது? மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் என்றுதான் நான் நம்புகிறேன். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சினிமாவை நம்பியிருந்தால் மூன்றாவது வருடமே யாராவது ஒரு தயாரிப்பாளர் சொன்னபடி கதையை மாற்றியிருப்பார். அந்த வேலைதான் 'முடியாது' என்று சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுத்தது. இதைத்தான் நீங்கள் துரோகம் என்கிறீர்கள்.

இதில் வலியும் உண்டு. அடுத்த கதைப் படமான 'டெசா' 2008இல்தான் வந்தது. இடையில் பதினைந்து வருடம். வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் திரைக்கதைப் பரிசும் பெற்ற படம் அது. அந்த இடைவெளியில் வராமலே போன படங்களை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஆனால் வகுப்பறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹோவர்டில் அவரிடம் படித்தவர்கள் ஆர்தர் ஜாஃபாவும் பிராட்ஃபோர்ட் யங்கும். கறுப்புத் தோலுக்கு எப்படி ஒளியமைப்பது என்பதை ஒரு தலைமுறையே யோசிக்கக் காரணமான ஒளிப்பதிவாளர்கள். 'அரைவல்' படத்துக்காக யங் ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். வகுப்பில் செலவான நேரம் அவர்கள் வழியாகச் சினிமாவுக்கே வந்து சேர்ந்தது.

சரி, உங்கள் நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். ஹோவர்டின் நிரந்தரப் பேராசிரியரையும் ஒரு சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். பாடவேளை போக அட்மிஷன் வேலை, தேர்வுப் பணி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தால் கோப்பு வேலை என்று உங்கள் நாள் எப்படிக் கரைகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டுவைக்காத கல்லூரி என்றால் வேறு கல்லூரி தேடுங்கள். சென்னைக்குப் போய் உதவி இயக்குநராக இருப்பது இதைவிடச் சுதந்திரமானது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே பல மாதம் பேட்டா மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்தவர் படத்துக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கெரிமா 1974இல் எத்தியோப்பியா போய், கறுப்பு வெள்ளையில் 16 எம்.எம்.மில், இரண்டே வாரத்தில் ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடித்தார். 'அறுவடை: 3000 ஆண்டுகள்'. ஊர் விவசாயிகளே நடித்தார்கள். உங்களுக்கு மே மாதம் விடுமுறை இருக்கிறது, கேமரா பிடிக்கத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். திரைக்கதையை எடுத்து, இரண்டு வாரத்தில் முடிக்க முடியாத காட்சிகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். மாணவர்களை வைத்து எடுத்தால் அவர்கள் பெயரை டைட்டிலில் சரியாகப் போடுங்கள், சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் கொடுங்கள்.

முடிந்ததும் யாராவது வாங்குவார்கள் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு புரொஜெக்டர், ஒரு கல்யாண மண்டபம், ஐம்பது நாற்காலி. முதல் திரையிடல் உங்கள் ஊரில் என்றால் தேதியை மட்டும் எழுதுங்கள், நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.