டீ வாங்கிக் கொடுத்தும் மசியாத அக்கா

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். வயது 29. மூன்று மாதம் முன்பு என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதே லைனில் 16 வருடமாகத் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்குத்தான் அந்த வேலை கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது நான் சொல்லும் எதையும் அவர் காதில் வாங்குவதில்லை. ஒருநாள் கழுத்தில் வைக்கும் ரிப் பட்டி சுருங்கிய பீஸ்களை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "என்னங்க்கா இது?" என்றேன். அதோடு பேச்சே நின்றுவிட்டது. சிரித்துப் பேசிப் பார்த்தேன், டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். மசியவில்லை. மற்ற டெய்லர்களும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: தங்கச்சி, போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்களே அந்தப் பீஸ் விஷயம், முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது.

அவருடைய மெஷினில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பாருங்கள். 16 வருடம். நீங்கள் சேர்ந்த புதிதில் நூல் கோக்கத் திணறியபோது எட்டிப் பார்த்துச் சொல்லிக் கொடுத்ததுகூட அவராக இருக்கலாம். வேலை கிடைக்காத ஏமாற்றத்தை அவர் எப்படியோ விழுங்கிவிட்டார். ஆனால் தனக்கு நன்றாகத் தெரிந்த தொழிலிலேயே, தன்னைவிடச் சின்னவள், உதவிக்கு நிற்கும் கைமடிப் பிள்ளைகள் வரை பார்க்கும்படி துணியைத் தூக்கிக் காட்டியதை எப்படி விழுங்குவார்? அதற்கு டீ எதற்கு ஆகும்? பஜ்ஜி இன்னும் மோசம். சமாளிக்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

அவமானம் எல்லோர் முன்னாலும் நடந்தது. மன்னிப்பை மட்டும் தண்ணீர்க் குழாயடியில் ரகசியமாகக் கேட்டால் கணக்கு நேராகாது. காலையில் மெஷின் ஓடத் தொடங்குமுன், லைனில் நின்றே சொல்லுங்கள்: "அக்கா, அன்னிக்கு உங்ககிட்ட வந்து தனியாக் கேட்டிருக்கணும். தப்பு என் மேல." அவ்வளவு போதும். 'டார்கெட் டென்ஷன்' என்று வால் சேர்க்காதீர்கள். வால் சேர்ந்தால் அது மன்னிப்பு இல்லை, சாக்கு.

அப்புறம் அவருக்குச் செய்ய வேண்டியது உபசாரம் அல்ல, பொறுப்பு கொடுப்பது. 1954-இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். ஜெயித்த காமராஜர், எட்டுப் பேர் கொண்ட தன் மந்திரிசபையில் இருவரையும் சேர்த்துக்கொண்டார். ஒப்புக்கு ஓர் இலாகா என்றில்லை. நிதியும் கல்வியும் சி.எஸ். கையில் இருந்தன. பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டம் வந்தபோது கல்வி மந்திரி அவர்தான்.

உங்கள் லைனில் அப்படி எது? அந்தக் கழுத்து ரிப்தான். எந்தத் துணி எவ்வளவு இழுக்கும், யார் கைக்கு எந்த வேலை ஓடும் என்பது அவருக்கு அத்துப்படி. புது ஆர்டர் வந்ததும் முதல் சாம்பிளை அவரிடம் கொடுத்து, "இதை யாருக்குப் போடலாம்?" என்று கேளுங்கள். கேட்டால், அவர் சொன்னபடி செய்யுங்கள். கேட்டுவிட்டு உங்கள் இஷ்டப்படி பிரித்துக் கொடுத்தால் முன்பைவிட மோசமாகும். லைன் நன்றாக ஓடிய நாளில் மேனேஜர் கேட்டால், "அக்கா சொன்ன யோசனைங்க" என்று அவர் காதில் விழச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். அவரை மகிழ்விப்பதற்காக தப்பாகித் திரும்பி வந்த அவருடைய ஆல்டர் பீஸ்களை நீங்களே இரவில் உட்கார்ந்து பிரித்துத் தைக்காதீர்கள். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார், பயம் என்றுதான் நினைப்பார். தப்பு வந்தால் சொல்லத்தான் வேண்டும். அவர் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஒரு வாரத்தில் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் ஒரு முறைப்புதான் கிடைக்கும். பிறகு ஒருநாள், உங்களைப் பார்க்காமலே, "அந்த மூணாவது மெஷின்ல ஊசி மாத்தச் சொல்லு" என்பார். உடனே போய் மாற்றச் சொல்லுங்கள்.