தாய்லாந்தில் என்னுடன் தங்கியிருக்கும் அக்கா மகளைத் தினமும் காலையில் சந்தைக்கு அழைத்துப் போகலாமா? ஆறு வயது. அசுத்தம், கூட்டம் என்று பயமாக இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் போதாதா?

போகலாம், தாராளமாக. ஆனால் அதற்கு முன்பு ஒன்று சொல்லுங்கள்: உங்களுக்குத் தலை நரைத்திருக்கிறதா?

கேலிக்காகக் கேட்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊர்ச் சந்தைக்குள் நுழைந்தால் முதல் கடையிலேயே "லூக் ரூ லான்?" என்று கேட்பார்கள். லூக் என்றால் பெற்ற பிள்ளை. லான் என்றால் உடன்பிறந்தவரின் பிள்ளை. பேரப்பிள்ளைக்கும் அதே சொல்தான். எனக்கு வயது 43, கல்யாணம் ஆகவில்லை. நரை எங்கள் குடும்பச் சொத்து. அப்பாவுக்கு முப்பதிலேயே வந்துவிட்டது. நான் "லான்" என்று உள்ளதைச் சொன்னேன். இளநீர்க்கார அம்மாள், "பாட்டி வரவில்லையா?" என்று கேட்டார்.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது என்பீர்கள். தங்கை மகளை மருமகள் என்று அறிமுகப்படுத்தினால் நம் ஊரிலும் பாதிப் பேர் எனக்குக் கல்யாண வயதில் மகன் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் ஆண் என்றே வைத்துக்கொள்கிறேன். அக்கா மகள் என்கிறீர்கள், ஆகவே நீங்கள் "நா", அதாவது அம்மாவுக்கு இளைய உடன்பிறப்பு. அம்மாவுக்கு அண்ணன் என்றால் "லுங்". நான் லுங். தெருவில் போகிற கிழவரையும் இங்கே லுங் என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பியாகப் பிறந்தது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் "மாமா" என்று கூப்பிட மட்டும் பிள்ளையைப் பழக்கிவிடாதீர்கள். இந்த நாட்டில் மாமா என்பது பாக்கெட் நூடுல்ஸின் பெயர். எந்த நிறுவனத்து நூடுல்ஸாக இருந்தாலும் மாமாதான். கூட்டத்தில் நான் இரண்டு கடை முன்னால் போய்விட்டால் என் தங்கை மகள் "மாமா! மாமா!" என்று கத்துவாள். பசிக்கிறது போலிருக்கிறது என்று யாராவது ஒரு நல்ல மனுஷி மளிகைக் கடைப் பக்கம் கையைக் காட்டுவார்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில், ரத்தினக்கல் வியாபாரம் செய்கிற ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தோன்புரியில் தலாத் ப்லூவில் குடியிருக்கிறோம். நான்காவது மாடியில் நான், ஆறாவது மாடியில் தங்கை, மாப்பிள்ளை, குழந்தை. மார்ச்சிலிருந்து மே நடுப்பகுதி வரை பள்ளி விடுமுறை. பெற்றவர்கள் இருவரும் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். எனவே ஆறேகாலுக்கே பிள்ளை என் கதவைத் தட்டும். வேலைவெட்டி இல்லாதவன் சந்தை சுற்றுகிறான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எனக்கு அலுவலகம் பத்து மணிக்கு. பல்லைக்கூட விளக்காமல் யாரும் உங்கள் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, அதனால் பேசுகிறீர்கள்.

தலாத் என்றால் சந்தை, ப்லூ என்றால் வெற்றிலை. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்போதைய பிரதமர் பிபூன் சொங்க்ராமின் அரசாங்கம், வெற்றிலை போடுவது நாகரிகமல்ல என்று தடை போட்டது. கொடிக்கால் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. "வெற்றிலைச் சந்தையில் வெற்றிலை எங்கே மாமா?" என்று இவள் ஒருநாள் விடாமல் கேட்பாள். வரலாற்றை ஒருநாள் விடாமல் சொல்வேன். காதில் வாங்கமாட்டாள். வோங்வியன் யாயிலிருந்து மஹாச்சாய் போகிற சின்ன ரயில் சாப்பாட்டுக் கடைகளை உரசுவதுபோல வரும்; அதற்குக் கையாட்டுவதற்காகக் கேட்டதை மறந்துவிடுவாள்.

வழியில் பிட்சுக்கள் வருவார்கள். அதற்கு இங்கே பிண்டபாத் என்று பெயர், நம் பிண்டம்தான். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, சோற்றுப் பையைப் பாத்திரத்தில் வைப்பாள். தொட்டுவிடக் கூடாது, பெண்பிள்ளை என்பதால். முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன், இரண்டாம் நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

சந்தைக்குள் நுழைந்தால் முதலில் பணியாரம். கனோம் க்ரோக் என்பார்கள். அதே குழிக்கல்தான், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும், மேலே வெங்காயத்தாளோ சோளமோ. இரண்டு அரைவட்டங்களை ஒட்டவைத்து முழுசாக்கித் தருவார்கள். ஊரை விட்டு வந்த முதல் வருஷம் இதைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது, மாரியம்மனைப் பார்த்து அல்ல. அப்புறம் காய்கறி. சுண்டைக்காய் உண்டு, பச்சையாகக் கொத்துக் கொத்தாக. வாழைப்பூ, கோவைக்கீரை, வல்லாரை எல்லாம் உண்டு. முருங்கைக்காய்க்கு மரும் என்று பெயர். சில்லறையாக வாங்கினால் நிறுவை "கீத்" கணக்கு: ஒரு கீத் 100 கிராம். கிலோ தெரியாத வயதில் இவளுக்குக் கீத் தெரிந்துவிட்டது. வீட்டில் அம்மாவிடம் "இரண்டு கீத் தயிர்சாதம்" கேட்கிறாள்.

துளசி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னெச்சரிக்கை தேவை. இங்கே கப்ராவ் என்று கட்டுக் கட்டாக விற்பது துளசிதான்; பன்றி இறைச்சியோடு போட்டு வதக்குவதற்கு. மாடத்தில் வைத்துக் கும்பிட்ட பிள்ளை அதை வாணலியில் பார்த்து வாய்விட்டு அழுதாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நடந்து கடந்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய படிப்பு "தேம்". நம் கொசுறு. எடை போட்டு முடித்த பிறகு வியாபாரி கைநிறைய அள்ளிப் போடுவது. இவள் கைகூப்பி "சவாதீ கா" என்று சொன்னால் இரண்டு மிளகாய் கூடுதல். தன்னை "நூ" என்று சொல்லிக்கொண்டால், அதாவது எலி, இங்கே சின்னப் பெண்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள், ஒரு வாழைப்பழமும் சேரும்.

இப்போது உங்கள் கேள்வி என்னைக் குத்திய இடத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் போன ஏப்ரலில் இதே கேள்வி எழுந்தது, பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பலாமா என்று. காரணம் அசுத்தம் அல்ல. ஒரு மீன்.

ப்லா தூ என்று ஒரு மீன் உண்டு. நம் கானாங்கெளுத்திக்குப் பங்காளி. நான் நாகப்பட்டினத்துக்காரன், மீனைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். அதை உப்புநீரில் வேகவைத்துச் சின்ன வட்ட மூங்கில் தட்டில் இரண்டு மூன்றாக அடுக்குவார்கள். தட்டுக்குள் அடங்குவதற்காகத் தலையைப் பிடித்துக் கீழே மடித்துவிடுவார்கள். ஆகவே எல்லா மீனும் தலைகுனிந்து கோபித்துக்கொண்ட மாதிரியே கிடக்கும். அதற்கு ஒரு சொலவடையும் வைத்திருக்கிறார்கள்: "நா ஙோ, கோ ஹக்". முகம் கோணி, கழுத்து ஒடிந்தது என்று பொருள். ஙகரத்தில் தொடங்குகிற சொல்லை வாழும் பேச்சில் கேட்க நான் நாடு கடந்து வரவேண்டியிருந்தது. மீனும் ங மாதிரியே வளைந்து கிடக்கும்.

அன்றைக்கு இவளுக்கு லூக் சுப் வேண்டும். பாசிப்பருப்பு மாவைக் குட்டி மாம்பழம், குட்டி மிளகாய் என்று பிடித்து, வண்ணம் தீட்டி, பளபளவென்று விற்பார்கள். பணியாரம் தின்று கால் மணி நேரம் ஆகவில்லை, வேண்டாம் என்றேன். மீன் கடைக்கு எதிரே நின்றுவிட்டாள். தலை தொங்கிவிட்டது, கீழுதடு வெளியே வந்துவிட்டது. மீன்கார அம்மாள் தன் தட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "நா ஙோ, கோ ஹக்!" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துக் கடைகளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டை உள்ளே இழுக்க முடியவில்லை. அன்று முதல் சந்தையில் இவள் பெயர் ப்லா தூ.

இதில் கேவலம் ஒன்றும் கிடையாது. இங்கே ஆளுக்கொரு "சூ லென்" உண்டு, கூப்பிடு பெயர். இறால், பன்றி, தவளை, பறவை என்று பெற்றவர்களே வைப்பார்கள். வங்கி மேலாளரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளையின் நல்ல பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களை விடுங்கள், சென்னையிலேயே அதைச் சரியாகச் சொல்ல ஆளில்லை. மீன் பெயர் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் மாமியார் கும்பகோணத்திலிருந்து வீடியோவில் வந்தார். "தாய்லாந்து பாஷையில் ஏதாவது பேசிக் காட்டு கண்ணு" என்றார். இவள் கைகூப்பி, "நூ சூ ப்லா தூ கா" என்றாள். என் பெயர் ப்லா தூ என்று அர்த்தம். அவர் காதில் விழுந்தது கடைசிப் பகுதி மட்டும். "யாரைப் பார்த்துத் தூ என்கிறாள்?" என்று முகம் சிவந்துவிட்டது. துப்பவில்லை, அது மீனின் பெயர் என்று நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம். தங்கை புகுந்த வீடு சுத்த சைவம். எங்கள் பிறந்த வீட்டில் மீன் இல்லாத ஞாயிறு கிடையாது; அந்தப் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. "பேத்திக்குக் கருவாட்டுப் பெயர் வைத்திருக்கிறான் உன் அண்ணன்." கருவாடு அல்ல, வேகவைத்தது என்றேன். தங்கை, "அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள். மறுநாளிலிருந்து பிள்ளைக்குச் சந்தை கிடையாது என்று தீர்ப்பு.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இதே அம்மாள்தான் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் யா தோம் என்கிற மூக்குறிஞ்சி இரண்டு டஜன், பச்சைத் தைலம், புளி மிட்டாய், பக்கத்து வீட்டுக்கு ஒரு குடை என்று பட்டியல் அனுப்புகிறவர். இவர் மட்டுமா? பெரியப்பா மகன் தங்கம் விலை கேட்டு எழுதுவார், வாங்கமாட்டார். என் பெட்டியில் என் சட்டைக்கு இடம் இருந்து ஆறு வருஷம் ஆகிறது. விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கட்டிய பணத்தை இதுவரை ஒருவர் கேட்டதில்லை. தாய்லாந்தில் இருப்பவன் என்றால் தைலக் கடை வைத்திருப்பவன் என்ற நினைப்பை யார் ஏற்படுத்தினார்களோ தெரியவில்லை. சரி, விடுங்கள்.

ஏழு நாள் நான் தனியாகப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் சந்தையில் யாருக்கு மரியாதை என்று. "ப்லா தூ எங்கே?" என்பார்கள். "வீட்டில்" என்பேன். எடை போடுவார்கள், கட்டுவார்கள், காசு வாங்குவார்கள். ஒரு கொத்தமல்லித் தண்டு இலவசமாக விழவில்லை. ஆனால் அவளுக்கென்று தனியாக ஒரு பை வரும். வாழைப்பழம், நாலைந்து பணியாரம், ரப்பர் பேண்டால் முடிச்சிட்ட சோயா பால். வீட்டுக்கு எடுத்துப் போனால் தங்கை விசாரிப்பாள் என்று ரயில் பாதை ஓரம் நின்று நானே தின்றுவிட்டேன். பிள்ளை பண்டத்தைத் தின்றவன் என்று யாரும் சாபம் கொடுக்க வேண்டாம். பணியாரம் ஆறினால் வீண்.

ஏப்ரல் 12 அன்று தீர்ப்பு தானாக உடைந்தது. 13 முதல் 15 வரை சொங்க்ரான், அதாவது இவர்கள் புத்தாண்டு; நடுவில் நம் வருஷப் பிறப்பு. வியாபாரிகளில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வாழை இலை, மாங்காய், பூச்சரம் எல்லாம் அன்று காலையே வாங்கியாக வேண்டும். என்னை நம்பி ஒருமுறை மாலை வாங்கச் சொல்லித் தங்கை ஏமாந்திருக்கிறாள். இங்கே மல்லிகையோடு எருக்க மொட்டையும் கோத்துக் கட்டுவார்கள். எருக்குக்கு "ரக்" என்று பெயர், காதலுக்கும் அதே சொல். கல்யாண வீட்டுக்கெல்லாம் அதுதான். பிள்ளையாருக்கு ஆகும் என்று நான் வாங்கி வந்ததை, பெருமாளுக்கு எப்படிப் போடுவது என்று திருப்பி அனுப்பினாள். எருக்கு இல்லாமல் கட்டித் தரச் சொல்ல எனக்குத் தாய்லாந்து பாஷை போதாது, பிள்ளைக்குப் போதும். "சரி, கூட்டிக்கொண்டு போ. மீன் கடைப் பக்கம் மட்டும் போகாதே" என்றாள்.

பூக்கடைக்கு மீன் கடை வழியாகத்தான் போகவேண்டும். நான் என்ன செய்வேன்?

மே மாதம் பள்ளி திறந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, அதற்கு அடுத்த கட்டம் சூ லென். காலியாக விட்டால் ஆசிரியையே ஏதாவது வைத்துவிடுவார் என்று யாரோ தங்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினாள்: "அந்த மீன் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எப்படி எழுதுவது? அத்தையிடம் சொல்லாதே."

உங்கள் அசுத்தப் பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும் அல்லவா? நான் மருத்துவன் அல்ல. தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்புப் போடுங்கள். மீன் வெட்டுகிற வரிசையில் பிள்ளையை உட்பக்கம் நடத்துங்கள், தண்ணீர் தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் கை கழுவவேண்டும். சைவமென்றால் "ஜே" என்று மஞ்சள் கொடி கட்டிய கடையில் வாங்குங்கள். மற்றதில் எதிலும் மீன் சாறு இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் குளிர்சாதனம் உண்டு, தேம் கிடையாது. இருபது பாட் தாள்களாக மாற்றிக்கொண்டு ஆறேகாலுக்குக் கிளம்பிவிடுங்கள். ஏழரைக்குப் போனால் சோளம் போட்ட பணியாரம் தீர்ந்திருக்கும், வெங்காயத்தாள் மட்டும்தான் மிஞ்சும்.