மாருதி 800 எஞ்சினுக்கு எந்த அளவு பிஸ்டன் ரிங் வாங்குவது?

பழைய மாருதி 800 எஞ்சினைப் பிரித்துவிட்டேன், ஸ்டாண்டர்டு ரிங் போதுமா ஓவர்சைஸ் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். இதன் போர் 68.5 மி.மீ.; மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், குறுக்காக இரண்டு திசையிலும் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம், கீழே மட்டும் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அளவு சரியாக இருந்தால் லேசாக ஹோனிங் (சிலிண்டர் சுவரை உரசிச் சீராக்குவது) செய்து ஸ்டாண்டர்டு ரிங்கே போடலாம். தேய்ந்திருந்தால் ரீபோர்தான், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது; அப்போது 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனும் அதே அளவு ரிங்கும் சேர்ந்தே வர வேண்டும். பழைய பிஸ்டனுக்கு ஓவர்சைஸ் ரிங்கை வாங்கி முனையை அராவிப் போடுகிற வேலைக்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிங்கின் வட்டம் மாறிவிடும், சுவரில் முழுதாக உட்காராது, புகையும் நிற்காது.

வாங்கிய பிறகு ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். போரில் 25 மி.மீ.க்கு 0.1 மி.மீ. என்று ஒரு கணக்கு உண்டு, இதற்குச் சுமார் 0.27 மி.மீ. வரும். ரொம்பக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிச் சுவரைக் கீறிவிடும். அப்புறம், ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே.